கண்மாய்க்கரையில் காலி மிதி: உங்கள் பின் ஹப்பு அனுபவம் என்ன?

காரைக்குடியிலிருந்து, தொடங்கியவர்

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. குன்றக்குடிக் குன்றையெல்லாம் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் கண்மாய்க்கரை ஏற்றம் என்று ஒன்று இருக்கிறதே! பத்தடி உயரம்தான். சரளை காலுக்கடியில் உருளும், ஒரு பக்கம் சீமைக்கருவேல முள், மறு பக்கம் தண்ணீர். அந்தப் பத்தடியில்தான் என் பின் ஹப்பு (பின் சக்கரத்தின் நடுக்குடம்) என்னைக் கவிழ்த்தது.

குற்றம் ஹப்புடையது அல்ல, என்னுடையது. மழைக்காலம் முடிந்ததும் நானே கழற்றிச் சுத்தம் செய்தேன். உள்ளே பால் என்று சொல்லும் சின்ன நாக்குகள் இருக்கும் (கறக்கிற பால் இல்லை). சுருள்வில் தள்ளத் தள்ள அவை பல் வளையத்தில் போய்க் கடிக்கும். நாம் மிதிக்கும் பலம் சக்கரத்துக்குப் போவது அந்தக் கடியால்தான். டிராக்டருக்குப் போடுகிற கெட்டி கிரீஸை வாங்கி, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கெட்டிச் சட்னி மாதிரி அப்பி மூடிவிட்டேன். மார்கழி விடியற்காலை, கரையில் பாதி ஏறியிருப்பேன். ஓங்கி ஒரு மிதி. கால் அப்படியே காற்றில் போனது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது, நானும் சைக்கிளும் தண்ணீர்ப் பக்கம் சரிந்தோம். கிரீஸ் இறுகி நாக்குகள் வெளியே வரவே இல்லை. அந்த இடத்துக்கு மெல்லிய எண்ணெய் அல்லது அதற்கென்று உள்ள லேசான கிரீஸ்தான் போட வேண்டும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். ஹப்பில் 36 பல் இருந்தால் ஒரு கடிக்கும் அடுத்த கடிக்கும் இடையே 10 டிகிரி. எல்லாரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏற்றத்தில் முன்னால் 32 பல், பின்னால் 51 பல் கியரில் போகும்போது அந்த 10 டிகிரி பெடலில் கிட்டத்தட்ட 16 டிகிரி ஆகிறது. 170 மி.மீ. கிராங்கில் (பெடல் மாட்டும் தண்டில்) அது 4.7 செ.மீ. அதாவது மோசமான நேரத்தில் கால் அவ்வளவு தூரம் சும்மா போய்விட்டுத்தான் கடிக்கும். 18 பல் என்றால் 9.5 செ.மீ., 54 பல் என்றால் 3.2 செ.மீ. ஏற்றத்தில்தான் வித்தியாசம் உறைக்கிறது. சமதளத்தில் சின்னப் பல்லில் போகும்போது யாருக்கும் தெரியாது.

இப்போது புதிதாகப் பின் சக்கரம் கோக்கப்போகிறேன். காசு சேர்த்துவிட்டேன். நல்ல ஹப்பு வைத்திருப்பவர்கள், முக்கியமாக நம் செம்மண் புழுதியில் ஓட்டியவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்.

தேவகோட்டையிலிருந்து

டிடி ஸ்விஸ் 350, 36 பல், மூன்று வருடமாக. இதில் நாக்கு கிடையாது. முகத்தில் பல் வெட்டிய இரண்டு எஃகு வளையங்கள் ஒன்றையொன்று பார்த்து உட்கார்ந்திருக்கும், பின்னால் சுருள்வில். மிதித்தால் 36 பல்லும் ஒரே நேரத்தில் கடிக்கும். ஒரு பல்லின் தலையில் மட்டும் பாரம் விழாது. ஹூகி என்ற பழைய ஹப்பிலிருந்து வந்த ஏற்பாடு இது.

நான் இதை வாங்கிய காரணம் வேறு: கையாலேயே திறக்கலாம். ஓரத்து மூடியை இழுத்தால் வந்துவிடும், கேசட்டோடு (பின் பல் சக்கர அடுக்கு) ஃப்ரீஹப்பை, அதாவது அந்த அடுக்கு மாட்டியிருக்கும் உருளையை, பிடித்து இழுத்தால் அதுவும் வந்துவிடும். ஸ்பானர் கூட வேண்டாம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் உள்ளே மாதுளைச் சாறு நிறத்தில் ஒரு பசை இருக்கும். துடைத்து, அவர்களே இதற்கென விற்கும் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவி மூடுவேன்.

ஒரே ஒரு விபரீதம். முதல் தடவை அப்பத்தா வீட்டு வளவில் உட்கார்ந்து திறந்தேன். சுருள்வில் துள்ளி எங்கோ போய்விட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பூவும் கொடியும் வட்டமுமாக இருக்கிற அந்தத் தரையில் கம்பிச் சுருளைத் தேடிப் பாருங்கள், தெரியும் கஷ்டம். அப்பத்தா, "என்னடா தேடுற, மோதிரமா?" என்று தானும் குனிந்தார்கள். அரை மணி நேரம் கழித்து வளவுத் தூணடியில் கிடைத்தது. அதிலிருந்து கீழே ஒரு வெள்ளைத் துண்டு விரிக்காமல் எதையும் திறப்பதில்லை.

பல் போதவில்லை என்று தோன்றினால் வளையத்தை மட்டும் மாற்றி 54 ஆக்கிக்கொள்ளலாம். எனக்கு இதுவரை தோன்றவில்லை.

கானாடுகாத்தானிலிருந்து

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் ஒரு தடவை இண்டஸ்ட்ரி நைன் ஹைட்ராவில் ஏறிப் பாருங்கள். 115 பல், 6 நாக்கு. ஆறும் ஒரே சமயத்தில் விழாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழும்படி வைத்திருப்பதால் ஒரு சுற்றுக்கு 690 கடி. 0.52 டிகிரி. உங்கள் கணக்குப்படி பெடலில் 2.5 மி.மீ. கூட வராது என்று நினைக்கிறேன், போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். செம்புறாங்கல் வெட்டி எடுத்த பள்ளங்களில் படி படியாக ஏறும்போது அரை மிதி, கால் மிதி என்றுதான் மிதிக்க முடியும். அங்கே இது சொர்க்கம்.

நரகமும் சொல்லிவிடுகிறேன். சத்தம்! மிதிப்பதை நிறுத்தினால் போதும், தெருநாய்கள் அத்தனையும் எழுந்துவிடும். ஊருணிப் பக்கம் ஒரு செவலை நாய் இருக்கிறது. என்னைக் கண்டால் படுத்திருக்கும், சத்தத்தைக் கேட்டால் மட்டும் விரட்டும். அதனால் அங்கே மட்டும் மிதித்துக்கொண்டே போவேன். புழுதி விஷயத்திலும் இதற்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும். நாக்குகள் பொடிப் பொடியானவை, ஒவ்வொன்றையும் பல் குச்சி முனையால் சுத்தம் செய்யப் பொறுமை வேண்டும். கெட்டி கிரீஸ் பக்கமே போகக்கூடாது, அதைத்தான் நீங்களே அனுபவித்துவிட்டீர்களே.

காரைக்குடியிலிருந்து, தொடங்கியவர்

போட்டேன். 2.5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவுதான். நாய்க் கதைதான் யோசிக்க வைக்கிறது.

திருப்பத்தூரிலிருந்து (நம்ம சிவகங்கை மாவட்டம்)

எந்த ஹப்பு என்பதற்கு முன்னால் எந்த அகலம் என்று பாருங்கள். நான் 142 மி.மீ. ஹப்பை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்த பிறகுதான் என் ஃபிரேம் 148 என்று கண்டுபிடித்தேன். ஆறு மில்லிமீட்டர். அந்த விலைக்கு ஒரு பழைய டிவிஎஸ் மொபெட் வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள்.

கேசட் எந்த வகை என்பதும் முக்கியம், அது மாட்டும் ஃப்ரீஹப்பின் வடிவம் அதற்குப் பொருந்த வேண்டும். ஷிமானோ 12 கியர் மவுண்டன் கேசட்டில் மிகச் சின்னச் சக்கரம் 10 பல் என்றால் மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் வேண்டும், ஸ்ராம் என்றால் எக்ஸ்டி. பழைய எச்ஜி வகையில் அலுமினிய ஃப்ரீஹப் எடுத்தால் எஃகுப் பல் சக்கரங்கள் அதில் தழும்பு போட்டுவிடும். ஒரு தடவை கேசட்டைக் கழற்ற மரச்சுத்தியல் எடுக்க வேண்டியதாயிற்று. எச்ஜி என்றால் எஃகு ஃப்ரீஹப் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் எடை கூடினால் கூடட்டும்.

சிங்கப்பூரிலிருந்து, ஊர் பள்ளத்தூர்

நான் இங்கே கிறிஸ் கிங் வைத்திருக்கிறேன், லீவுக்கு வரும்போது சக்கரத்தையும் கொண்டுவருவேன். 72 பல், 5 டிகிரி. கடந்தைக் கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு ரீங்காரம், கேட்கச் சுகம்தான். பேரிங்கை அவர்களே செய்கிறார்கள், மூடியைத் திறந்து கழுவி மறுபடி கிரீஸ் வைத்து ஓட்டலாம். பல வருடம் உழைக்கும்.

ஆனால் நீங்கள் ஊரிலேயே இருப்பதால் ஒன்று சொல்கிறேன். உள் வளையம் வரை முழுதாகப் பிரிக்க அதற்கான தனிக் கருவி வேண்டும். பேரிங் போனால் காரைக்குடியில் எந்தக் கடையிலும் கேட்க முடியாது. 6902 மாதிரி பொது எண் உள்ள பேரிங் (15 × 28 × 7 மி.மீ.) என்றால் பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு நாளில் வரவழைத்துவிடுவார்கள். போன வருடம் ஐப்பசி மழையில் ஓட்டிவிட்டு, ஒரு பாகத்துக்காக லீவு முடியும்வரை சக்கரத்தைத் திண்ணையில் சாத்தி வைத்திருந்தேன். ஆச்சி (அக்கா) மகன் அதைச் சுற்றிச் சுற்றிச் சத்தம் கேட்டு விளையாடினான், அதுதான் மிச்சம்.

தேவகோட்டையிலிருந்து

சத்தமே வேண்டாம் என்றால் ஆனிக்ஸ் இருக்கிறது. உள்ளே பல்லே கிடையாது, உருளை மாதிரிச் சின்னத் துண்டுகள் சாய்ந்து இறுக்கிப் பிடிக்கும், உடனே கடிக்கும். எடை கூடுதல். சிறுமலைக்குப் போனபோது நண்பர் ஒருவரின் சைக்கிளில் ஓட்டினேன். பின்னால் நான் வருவது முன்னால் போன ஆட்டுக்கும் தெரியவில்லை, ஆட்டுக்காரருக்கும் தெரியவில்லை. மணி வாங்கி மாட்டச் சொன்னேன்.

காரைக்குடியிலிருந்து, தொடங்கியவர்

முடிவு செய்துவிட்டேன். 350, 148 மி.மீ., 32 துளை, மைக்ரோ ஸ்ப்லைன், கூடவே 54 பல் வளையம். 690 கடி மனசை இழுத்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் வாரம் இரண்டு நாள் செம்மண்ணில் புரள்கிறவன், என் கை எப்படிப்பட்டது என்று கெட்டிச் சட்னிக் கதையில் பார்த்தீர்கள். கையால் இழுத்தால் திறக்கிறது, துண்டில் துடைத்தால் சுத்தமாகிறது என்றால் எனக்கு அதுதான் உயர்ந்த ரகம். பெடலில் அந்த 3 செ.மீ. சும்மா போனால் போகட்டும்.

நேற்று கழனிவாசல் பக்கம் உள்ள சைக்கிள் கடையில் கம்பி கோத்தோம். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல், டைனமோ லைட் காலத்து ஆள். போக்ஸ் கம்பியை விரலால் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்தே கோட்டம் எடுத்தார். முடித்துவிட்டு ஹப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பால்ரஸ் எங்கே போட்டிருக்கான், கோன் நட்டே இல்லையே தம்பி?" என்றார். மூடியை இழுத்துக் காட்டினேன். இரண்டு வளையத்தையும் உள்ளங்கையில் வைத்து ஒன்றோடொன்று பொருத்தி முறுக்கினார். ஒரு பக்கம் கடித்தது, மறு பக்கம் வழுக்கியது. நாலைந்து தடவை செய்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். விலையை மட்டும் நான் சொல்லவில்லை.