சமையல் மூலிகைச் செடிகளைப் பூனை தின்றால் ஆபத்தா?

கேள்வி:
சமையலறை ஜன்னலோரத் தொட்டிகளில் கொத்தமல்லி, புதினா, பேசில், ரோஸ்மேரி, கற்பூரவள்ளி, வெங்காயத்தாள் ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். எங்கள் பூனை அண்மையில் இவற்றின் நுனிகளைக் கடித்துத் தின்னத் தொடங்கியிருக்கிறது. இதுவரை வாந்தியோ சோர்வோ தென்படவில்லை. எவற்றை அகற்ற வேண்டும், எவற்றை விட்டுவைக்கலாம் என்பதை அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில் 1:
வெங்காயத்தாள் தொட்டியை இன்றே அப்புறப்படுத்துங்கள்; மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெங்காயம், பூண்டு, லீக்ஸ், சைவ்ஸ் ஆகிய ஒரே இனச் செடிகளில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. இச்சேர்மங்களால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் சல்ஃப்ஹைட்ரில் தொகுதிகள் (கந்தகமும் ஹைட்ரஜனும் இணைந்த பகுதிகள்) மனிதரின் ஹீமோகுளோபினில் 2, நாயின் ஹீமோகுளோபினில் 4 என்றிருக்க, பூனைக்கு 8 இருப்பதால், நம்மை ஒன்றும் செய்யாத அளவுகூட அதற்கு நஞ்சாகிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் உள்ளே சென்றாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும். அதாவது 4 கிலோ பூனைக்கு 20 கிராம். வேகவைத்தாலும் இந்த நஞ்சு நீங்குவதில்லை, காய்ந்த பொடியோ இன்னும் செறிவானது.

அறிகுறிகள் பெரும்பாலும் சில நாள் கழித்தே வெளிப்படும் என்பதால், இதுவரை ஒன்றும் தென்படவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய இயலாது. வெளிறிய ஈறு, சோர்வு, வேகமான மூச்சு, செம்பழுப்புச் சிறுநீர் ஆகியவற்றைக் கவனியுங்கள். எவ்வளவு தின்றிருக்கும் என்பதைக் கணித்து, அறிகுறிக்காகக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் வீட்டு வைத்தியமும் ஆபத்தானது.

பதில் 2:
கொத்தமல்லி, பேசில், ரோஸ்மேரி, தைம் ஆகியவை பூனைக்கு நஞ்சற்றவை. புதினா, ஆரிகனோ, கற்பூரவள்ளி ஆகியவற்றை மிகுதியாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். பார்ஸ்லியும் அளவு மீறினால் ஆகாது. ஓரிரு இலையைக் கடித்ததற்காகப் பதற வேண்டியதில்லை, ஆனால் கற்பூரவள்ளியைப் பூனைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுவேன். பூச்சிமருந்து தெளித்த செடியானால், நஞ்சற்ற இலை என்ற பேச்சுக்கே இடமில்லை. புல்லைக் கடிப்பது பூனைகளின் இயல்பு என்பதால், கோதுமைப் புல்லைத் தனித் தொட்டியில் வளர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெங்காயத்தாளை அகற்றிவிட்டேன், மருத்துவரிடமும் பேசுகிறேன். தொட்டிகளைச் சுற்றிப் புதினா எண்ணெய் தெளித்தால் பூனை அண்டாது என்கிறார்களே, அது சரியா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். இத்தகைய எண்ணெய்களிலுள்ள பல சேர்மங்களைக் கழிவாக மாற்றி வெளியேற்றும் கல்லீரல் நொதிகளின் செயல் பூனைக்கு மிகக் குறைவு. மேலும், இலையில் சிறிதளவே உள்ள பொருள் எண்ணெயில் பன்மடங்கு செறிந்திருக்கிறது. ரோமத்தில் ஒட்டினால் பூனை அதை நக்கியே விழுங்கிவிடும்.