கிளாசிக் 350: யு டர்ன் அடிக்கும்போது வலது பக்கம் மட்டும் வண்டி உள்ளே சாயுது, எப்படிப் பழகுறது?

கேள்வி: கோவை_புதுவண்டி

வணக்கம். ஸ்ப்ளெண்டர்ல இருந்து ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு மாறியிருக்கேன். நேர் ரோட்டுல எந்தக் குறையும் இல்லை. 7 மீட்டர் அகல ரோட்டுல யு டர்ன் எடுத்தா பாதி வளைவுல வண்டி உள்பக்கம் விழப் பார்க்குது, வலது காலை ஊன்ற வேண்டி வருது. இடது பக்கம் திரும்பினா இவ்வளவு மோசம் இல்லை. முதல் கியர், கிளட்ச் முழுசாப் பிடிச்சு, வேகம் கூடினா முன் பிரேக்கை லேசாத் தொட்டுத்தான் திருப்புறேன்.

வலது பக்கம் மட்டும் ஏன் இப்படி? எப்பவும் ஹாஃப் கிளட்ச்ல (கிளட்ச்சைப் பாதி பிடிச்ச நிலையில) ஓட்டிப் பழகினா பிளேட் போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா? அடுத்து வால்பாறை போகணும், பின்னாடி ஆள் இருப்பாங்க. அதுக்குள்ள எதை, எப்படிப் பழகணும்?

---

பதில் 1: வளைவு_ஆசான்

நீங்க எழுதினதுலயே காரணம் இருக்கு நண்பரே. கிளட்ச்சை முழுசாப் பிடிச்ச நொடியில் பின் சக்கரத்துக்கு இழுவை போயிடுது. வேகம் குறையக் குறைய, சாய்ஞ்ச வண்டியைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, காலை ஊன்றினா நின்னுடும். கிளாசிக் 195 கிலோ. சாய ஆரம்பிச்சுட்டா கால் தாங்காது, கணுக்கால்தான் போகும்.

கணக்கு இதுதான். 7 மீட்டர் ரோட்டுல ரெண்டு ஓரமும் அரை அரை மீட்டர் விட்டா 3 மீட்டர் ஆரத்துல திரும்பணும். அந்த ஆரத்துக்கு மணிக்கு 8 கி.மீ. வேகத்துல சுமார் 10 டிகிரி சாய்வு போதும். 10 கி.மீ.க்கு 15 டிகிரி, 15 கி.மீ.க்கு 30 டிகிரி. வேகம் கொஞ்சம் மாறினாலும் தேவையான சாய்வு எவ்வளவு மாறுதுன்னு பாருங்க. 15 டிகிரி சாய்ச்சு வச்சுட்டு வேகத்தை 8-க்கு விட்டீங்கன்னா வண்டி உள்ளே விழத்தான் செய்யும். அதனால வேகத்தைக் குறைக்கிறதை விட, ஒரே வேகத்துல பிடிச்சு வைக்கிறதுதான் முக்கியம்.

வலது பக்கம் கஷ்டமா இருக்கிறதுக்கு ரெண்டு காரணம். வலது பக்கம் முழுசா ஒடிக்கும்போது இடது கைப்பிடி உங்களை விட்டு விலகிப் போகும். கை நீண்டு, விரல் நுனியில கிளட்ச்சை இழுக்கிற நிலைமை. நுணுக்கமா விட முடியாது. ரெண்டாவது, பின் பிரேக் வலது கால்ல இருக்கு. வலது பக்கம் சாயும்போது அந்தக் காலைத்தான் கீழே நீட்டுறீங்க, பிரேக் கைவிட்டுப் போயிடுது. வேற வழியில்லாம முன் பிரேக்கைத் தொடுறீங்க. ஹேண்டில்பார் ஒடிஞ்சிருக்கும்போது முன் பிரேக்கை ஒரு சிட்டிகை தொட்டாலும் முன்பக்கம் அமுங்கி வண்டியை உள்ளே இழுத்துத் தள்ளிடும். ஏபிஎஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. இது சக்கரம் லாக் ஆகி விழுறது இல்லை, ஏபிஎஸ்ஸுக்கு இதுல வேலையே இல்லை. யு டர்ன்ல வலது கை விரல் நாலும் ஆக்சிலரேட்டர்லயே இருக்கட்டும், லீவர் மேல ஒண்ணும் வேண்டாம்.

இப்போ செய்ய வேண்டியது. முதல் கியர். ஆக்சிலரேட்டரை ஐடிலுக்கு (ஆக்சிலரேட்டர் முறுக்காதப்போ இன்ஜின் ஓடுற வேகம்) கொஞ்சம் மேல வச்சு அப்படியே விட்டுடுங்க, வளைவு முடியிற வரைக்கும் ஏத்தி இறக்க வேண்டாம். கிளட்ச்சை வண்டி இழுக்கத் தொடங்குற புள்ளியில பிடியுங்க. வலது பாதம் பின் பிரேக் மேல லேசா அழுத்தின நிலையில இருக்கட்டும். இன்ஜின் முன்னே தள்ளும், பிரேக் பின்னே இழுக்கும், அந்த இழுபறியில வண்டி ஆடாம நிக்கும். உள்ளே விழுற மாதிரி தோணினா கிளட்ச்சை இன்னும் ஒரு நூல் விடுங்க, வண்டி தானா நிமிரும். உங்க கை இப்போ பழக்கத்துல கிளட்ச்சை இழுக்குது. அதை மாத்துறதுதான் முழுப் பயிற்சியும்.

உடம்பு: வண்டியை மட்டும் உள்ளே சாய்ங்க, நீங்க சாயாதீங்க. வலது யு டர்ன்னா இடுப்பை சீட்டுல இடது பக்கம் நகர்த்தி, எடையை இடது ஃபுட்ரெஸ்ட்ல போடுங்க. அதே வேகத்துக்கு வண்டி இன்னும் கூடுதலாச் சாயும், வட்டம் சின்னதாகும்.

கண்: முன் சக்கரத்துக்கு ரெண்டு அடி முன்னால தரையைப் பார்த்தா அங்கேயேதான் போய் விழுவீங்க. தாடை வலது தோளுக்கு மேல வர்ற அளவுக்குக் கழுத்தைத் திருப்பி, நீங்க போக வேண்டிய பாதையைப் பாருங்க. இந்த ஒண்ணைச் சரி பண்ணாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

---

பதில் 2: சாக்பீஸ்_வட்டம்

மேல சொன்னதோட, பழகுற வரிசையும் முக்கியம். நேரா யு டர்ன்ல ஆரம்பிக்காதீங்க.

மண்ணு இல்லாத, சமமான சிமெண்ட் தரை இல்லைன்னா தார்த்தரை வேணும். சுமார் 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். முதல்ல நேர்கோடு: 20 மீட்டரை நடக்குற ஆளோட வேகத்துல, கால் ஊன்றாம, ஹாஃப் கிளட்ச்லயும் பின் பிரேக்லயும் கடங்க. இது ஆடாம வந்த பிறகுதான் வட்டம்.

வட்டம் வரைய: நாலரை மீட்டர் கயிறு, ஒரு முனையை ஒருத்தர் நடுவுல மிதிச்சுக்கட்டும், மறுமுனையில சாக்பீஸைக் கட்டிச் சுத்துங்க. 9 மீட்டர் விட்டம் வரும். கோலமாவு, சுண்ணாம்புத்தூள் வேண்டாம், டயர் வழுக்கும். கோட்டுக்கு வெளிய இல்ல, கோட்டு மேலயே முன் சக்கரம் போகணும். ரெண்டு பக்கமும் சுத்துங்க. சரளமா வந்ததும் கயிறை நாலு மீட்டர், மூணரை, மூணுன்னு குறைச்சுக்கிட்டே வாங்க. ஒவ்வொரு அளவுலயும் வலது சுத்து சரியாகிற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க.

அடுத்து எட்டு. ஆர்டிஓ ஆபீஸ்ல போட்ட அதே எட்டுதான். ரெண்டு 7 மீட்டர் வட்டம் ஒட்டி வரையுங்க. எட்டுல கத்துக்க வேண்டியது நடுவுல குறுக்கே கடக்கிற இடம். அங்கே வண்டி நிமிர்ந்து மறுபக்கம் சாயணும், எடை ஒரு ஃபுட்ரெஸ்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறணும், தலை அதுக்கு முன்னாடியே அடுத்த வட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கணும். தலை தாமதமானா ரெண்டாவது வட்டம் அகலமாப் போயிடும்.

கடைசியா பெட்டி: 7.5 மீட்டர் அகலத்துல ரெண்டு கோடு போட்டு, உள்ளேயே யு டர்ன். இங்கிலாந்துல லைசென்ஸ் தேர்வுக்கு வைக்கிற அகலம் இதுதான். நம்ம ரெண்டு வழி ரோடு 7 மீட்டர்ங்கிறதால நம்ம தேவை அதைவிடக் கொஞ்சம் கடினம்.

மைதானத்துல இல்லாத, ரோட்டுல மட்டும் இருக்கிற ஒண்ணு: ரோடு நடுவுல மேடு. இடது ஓரத்துல இருந்து திரும்பும்போது முதல்ல ஏத்தம், வேகம் குறையும். நடுவைத் தாண்டினதும் இறக்கம், வண்டி ஓடப் பார்க்கும். மேட்டுல கிளட்ச்சை ஒரு நூல் கூடுதலா விட்டு, தாண்டினதும் பின் பிரேக்கைக் கொஞ்சம் கூட்டுங்க. எதிர் ஓரத்துல மணல் தேங்கியிருக்கான்னு திரும்புறதுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க.

ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடுற ஷூ கட்டாயம். வண்டி வலது பக்கம் விழுந்தா, தூக்குறதுக்கு முன்னாடி கில் ஸ்விட்ச்சை அணைச்சு, முதல் கியர் போட்டு, சைடு ஸ்டாண்டை நீட்டி விடுங்க. இல்லைன்னா தூக்கின வேகத்துல இடது பக்கம் சாய்ஞ்சுடும்.

---

பதில் 3: ஸ்பேனர்14

தம்பி, கிளட்ச் பிளேட் பயம் வேண்டாம். கிளாசிக்ல இருக்கிறது ஆயில்ல ஊறுற மல்டி பிளேட் கிளட்ச். நடை வேகத்துல, ஐடிலுக்குக் கொஞ்சம் மேல வச்சு நழுவ விடுறதை ஆயில் தாங்கிக்கும். பிளேட்டைக் கருக்குறது மேட்டுல முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கிட்டு அரைப்பிடியில நிறுத்தி வைக்கிறது. ஆனா காத்துல குளிர்ற இன்ஜின், மைதானத்துல காத்து வராது. 15 நிமிஷம் பழகினா 5 நிமிஷம் அணைச்சு விடுங்க. ஆயில் 15டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ2 முத்திரை (ஆயில்ல ஊறுற பைக் கிளட்ச்சுக்கு ஏத்ததுங்கிற குறியீடு) உள்ளதுதான் ஊத்தணும். கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும்.

பழகுறதுக்கு முன்னாடி வண்டியைப் பாருங்க. பல பேரு தன் கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, கோளாறு வண்டியில இருக்கும்.

கோன் செட் (ஹேண்டில்பார் திரும்புற இடத்துல இருக்கிற பேரிங்): சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால தள்ளுங்க. ரெண்டு பக்கமும் தடை இல்லாம தானா விழணும். இறுக்கமா இருந்தா மெதுவாப் போகும்போது வண்டி நேரா நிக்காது, இப்படியும் அப்படியும் அலையும். நடுவுல 'டக்'னு பிடிச்சா கோன்ல குழி விழுந்திருக்கு, மாத்தணும்.

கிளட்ச் கேபிள்: லீவர் நுனியில ரெண்டு மூணு மி.மீ. ஆட்டம் போதும். லீவரை நல்லா வெளிய விட்ட பிறகுதான் பிடிக்குதுன்னா, நீட்டின கையால அதைக் கட்டுப்படுத்த முடியாது. ஹேண்டில்பாரை முழுசா ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாருங்க. ஒடிக்கும்போது ஐடில் ஏறினா ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுது, பாதையை மாத்திக் கட்டணும். யு டர்ன்ல திடீர்னு வண்டி பாய்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

செயின் ரொம்பத் தொங்கினா ஒவ்வொரு தடவை கிளட்ச் பிடிக்கும்போதும் வெட்டி இழுக்கும். முன் டயர்ல காத்து குறைஞ்சா ஹேண்டில்பார் கனமாகி, வண்டி உள்ளே விழுற மாதிரியே தோணும். காத்தை முதல்ல பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

---

கோவை_புதுவண்டி

அண்ணா, ஐடில் விஷயம் பார்த்தேன், வலது பக்கம் ஒடிச்சா நிஜமாவே ஏறுது. கேபிளைச் சரி பண்ணிடுறேன். வால்பாறைக்கு மட்டும் கொஞ்சம் சொல்லுங்க.

---

வளைவு_ஆசான்

ஆழியார்ல இருந்து ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. நமக்கு இடது பக்க ஓட்டம்ங்கிறதால ஏத்தத்துல இடது வளைவுதான் கஷ்டம். உள் ஓரம் குறுகலாவும் செங்குத்தாவும் இருக்கும். வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே முதல் கியருக்கு வந்துடுங்க. ரெண்டாவது கியர்ல போய் நடுவுல இன்ஜின் நின்னா, சாய்ஞ்ச நிலையில 195 கிலோவோட ரெண்டு ஆளும் சேர்ந்து விழும். ஏத்தத்துல புவியீர்ப்பே பிரேக் போடுது, அதனால பின் பிரேக் தேவையில்லை, இழுவை கூடுதலா வேணும். உள் ஓரத்தை ஒட்டாம, உங்க பாதையோட வெளிப்பக்கத்துல இருந்து நுழைஞ்சு, வெளியேறும் வழி தெரிஞ்ச பிறகு உள்ளே வாங்க. நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, மேலே இருந்து பஸ் இறங்கினா அது முழு வளைவையும் எடுத்துக்கும். பஸ் தெரிஞ்சா வளைவுக்கு முன்னாடியே நின்னுடுங்க.

இறக்கத்துல கிளட்ச்சைப் பிடிச்சு உருட்டாதீங்க. முன் பிரேக் நேர்ல மட்டும், திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முழுசா விட்டுடணும். வளைவுக்குள்ள முதல் கியர் இல்லைன்னா ரெண்டாவது கியர் இன்ஜின் பிடியும் பின் பிரேக்கும் போதும்.

பின்னாடி உட்காருறவங்களைக் கூட்டிப் போறதுக்கு முன்னாடி அவங்களையும் மைதானத்துக்கு வரச் சொல்லி, திரும்ப 9 மீட்டர் வட்டத்துல இருந்து ஆரம்பிங்க. அவங்க உங்களை மாதிரி எதிர்ப்பக்கம் நகர வேண்டாம், வண்டி சாயுதேன்னு பயந்து நிமிரவும் வேண்டாம். உங்க முதுகுக்கு நேரா, முழங்கால் ரெண்டையும் உங்க இடுப்புல அணைச்சு, அசையாம உட்கார்ந்தா போதும். பின் டயர் காத்தை ரெண்டு ஆளுக்கான அளவுக்கு ஏத்திக்கோங்க. 8 மீட்டர் வட்டம் ரெண்டு பக்கமும் அவங்களோட சரளமா வந்துட்டா கிளம்பலாம்.