ரா ஃபைலில் மூலை இருட்டு: நான் பட்ட பாடு, உங்கள் அனுபவம்?

ஒரு வாரமாக மண்டையைக் குடைந்த விஷயம் இது. 24 எம்எம் லென்ஸில் வானத்தை எடுத்தேன். கேமரா திரையில் நீலம் மூலைவரை சீராகத்தான் இருந்தது. ரா ஃபைலை, அதாவது சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பை, கணினியில் திறந்தால் நான்கு மூலையும் கருத்துக் கிடக்கிறது. லென்ஸ் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்புறம்தான் பிடிபட்டது. கேமரா திரையில் தெரிவது ஜேபெக், அதாவது கேமராவே பதப்படுத்திக் கொடுக்கும் படம். அதில் ஓர இருட்டைக் கேமராவே சரிசெய்துவிடுகிறது. ராவில் பெரும்பாலும் சென்சாரில் விழுந்த வெளிச்சம் விழுந்தபடியே இருக்கும். அகலக் கோண லென்ஸில் ஓரத்துக்கு வெளிச்சம் குறைவது இயல்பு. ஃபுல் ஃப்ரேமில் (36×24 எம்எம் சென்சார்) 24 எம்எம் என்றால் மூலைக்குப் போகும் கதிர் சுமார் 42 டிகிரி சாய்வு. கொசைனின் நான்காம் அடுக்குக் கணக்குப்படி நடுவில் விழுவதில் 30 சதவீதம்தான் அங்கே மிஞ்சும். லென்ஸ் வடிவமைப்பால் இதை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள்.

சரி, மென்பொருளில் லென்ஸ் புரொஃபைலை, அதாவது அந்த லென்ஸின் குறைகளைத் தானாகத் திருத்தும் அமைப்பை, ஆன் செய்தேன். வானம் வெளுத்தது, ஆனால் மூலையின் நுனியில் மட்டும் கருப்பு அப்படியே நின்றது. விக்னெட்டிங் (ஓர இருட்டு) ஸ்லைடரை இன்னும் ஏற்றினேன். நுனி அசையவில்லை, அதற்கு உள்பக்கம் வெளிறிய வளையம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வளையம்தான் எனக்குத் துப்பு கொடுத்தது. ஒரே இருட்டாக இருந்தால் ஒரே திருத்தத்துக்கு அடங்கியிருக்க வேண்டும். இங்கே இருந்தது இரண்டு.

சீராக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவர் ஒன்றை, ஃபோகஸை முடிவிலியில் வைத்து, அபர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப் 2.8, 4, 8, 11 என்று படிப்படியாகச் சுருக்கி எடுத்துப் பார்த்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லக் கூடும் இருட்டு எஃப் 8-இல் வெகுவாகக் குறைந்துவிட்டது. நுனிக் கருப்போ அபர்ச்சரைச் சுருக்கச் சுருக்க விளிம்பு கூர்மையாகி, கத்தரித்த மாதிரி தெரிந்தது. லென்ஸின் முன்னால் யூவி ஃபில்டரின் மேலேயே போலரைசர் என்ற இன்னொரு ஃபில்டரையும் மாட்டியிருந்தேன். ஒன்றைக் கழற்றியதும் நுனி திறந்துவிட்டது. பொருள் மறைத்து வரும் இருட்டுக்கு எந்த ஸ்லைடரும் மருந்தில்லை. அந்தப் படங்களின் மூலையை வெட்டித்தான் எடுத்தேன்.

உங்களுக்கு வேறு மாதிரி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

எனக்கு நடந்தது வேறு, நண்பரே. புரொஃபைல் சரி, ஃபில்டர் இல்லை, லென்ஸ் முன் மாட்டும் ஹூட் மறைப்பும் இல்லை. இருந்தும் எல்லாப் படத்திலும் ஓரம் மங்கல். ஒரு படத்தை நன்றாக உள்ளே வெட்டிப் பார்த்தேன். லென்ஸின் இருட்டு என்றால் வெட்டியதோடு போயிருக்க வேண்டும். இதுவோ புதிய ஓரத்துக்கு ஏற்றபடி கூடவே நகர்ந்து வந்தது! லைட்ரூம் மென்பொருளில் படங்களை இம்போர்ட் செய்யும்போது நான் எப்போதோ சேமித்த ப்ரீசெட் (திருத்த அமைப்புகளின் தொகுப்பு) ஒட்டிக்கொண்டிருந்தது. எஃபெக்ட்ஸ் பகுதியில் விக்னெட் மைனஸ் 18. அதைப் பூஜ்யமாக்கினேன், தீர்ந்தது. யாரும் முதலில் வெட்டிப் பாருங்கள், பத்து வினாடி வேலை.

*

மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரையும் கவனிக்கச் சொல்வேன். கண்ணுக்குப் படாத லேசான ஓர இருட்டைக்கூட அது தூக்கிக் காட்டிவிடும், வானத்தில் இன்னும் மோசம்.

நான் பழைய மேனுவல் லென்ஸ் வைத்திருக்கிறேன். ராவில் லென்ஸ் பெயரே பதிவாகாது, புரொஃபைல் தானாக வராது. கிட்டத்தட்ட இதுதானே என்று வேறொரு லென்ஸின் புரொஃபைலைப் போட்டதில் மூலை நடுவைவிட வெளுத்துப்போனது. இப்போது ராதெரபி என்ற மென்பொருளில் ஃப்ளாட் ஃபீல்டு முறைதான். ஒவ்வொரு அபர்ச்சருக்கும் சீரான வெள்ளைப் பரப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதை வைத்து மென்பொருள் ஓரத்தைச் சமன்செய்துவிடுகிறது. ஆனால் மூலையை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) தூக்கினால் அங்கே நான்கு மடங்கு பெருக்கம், நாய்ஸும் (புள்ளி புள்ளியான இரைச்சலும்) கூடவே எழும். உணர்திறனை ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றி எடுத்த படத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அதனால் இரவுப் படங்களில் பாதி அளவுக்குத்தான் திருத்துகிறேன்.

*

வெட்டிப் பார்க்கும் யோசனைக்கு நன்றி நண்பரே. எனக்கு அது தோன்றவே இல்லை. பழைய ஃபோல்டர்களைத் திறந்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டில் அதே மாதிரி ப்ரீசெட் சிக்கியது.