தாயைப் பிரிந்த பூனைக்குட்டிக்குப் பசும்பால் கொடுக்கலாமா?

முதுநகர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, சென்ற வார மழையில் பூனைக்குட்டி ஒன்று வந்து ஒதுங்கியது. இரண்டு நாள் காத்திருந்தும் தாய் வராததால் உள்ளே எடுத்து வைத்திருக்கிறோம். பல் முளைத்திருக்கிறது, நன்றாக ஓடுகிறது. ஆறு வாரம் ஆகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். சமையலறைத் தராசில் 520 கிராம் காட்டியது. என் மாமியார் மூன்று வேளையும் பசும்பால் ஊற்றுகிறார். குட்டி ஆசையாக நக்கிக் குடிக்கிறது, ஆனால் நேற்றிலிருந்து வயிற்றால் போகிறது. பாலை நிறுத்தினால் இளைத்துவிடும் என்கிறார் அவர். பால்தான் காரணம் என்கிறேன் நான். மீன் ஆயும்போது காலையே சுற்றிச் சுற்றி வருகிறது. பச்சை நெத்திலி கொடுக்கலாமா? தடுப்பூசி எப்போது போட வேண்டும்? இதற்கு முன் நாங்கள் எந்தப் பிராணியும் வளர்த்ததில்லை.

லாஸ்பேட்டை_மாடிவீடு:
சகோதரி, இந்த வழக்கில் நீங்கள் சொல்வதே சரி. பூனை பாலை விரும்புகிறது என்பது ஒன்று, பால் அதற்குச் செரிக்கிறது என்பது வேறொன்று. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் தாய்ப்பூனையின் பாலில் இருப்பதைவிட அதிகம். குட்டி வளர வளர அதைச் செரிக்கும் நொதியும் குறைந்துவிடுவதால்தான் வயிறு போகிறது. ஆறு வாரக் குட்டி திட உணவுக்கு மாறும் பருவத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் குட்டிப்பூனை உணவை வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சிப் பதத்தில் மசித்து, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அது கிடைக்கும் வரை உப்பும் மஞ்சளும் போடாமல் வேகவைத்த கோழிக்கறியை மசித்துக் கொடுக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

மீனைப் பொறுத்தவரை, நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் நெத்திலி, மத்தி போன்றவற்றைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றில் உள்ள தயமினேஸ் என்ற நொதி பூனையின் உடலில் வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும் என்பதால், முள் நீக்கி, வேகவைத்து, எப்போதாவது கொடுங்கள். மீன்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. (உங்கள் மாமியாரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்; என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.)

பாதிரிப்புலியூரான்:
பாலைத் தவிரக் குடற்புழுவும் வயிற்றுப்போக்குக்குக் காரணமாக இருக்கலாம். இவ்வளவு சிறிய குட்டிக்கு நீர்ச்சத்துக் குறைவது ஆபத்து. பிடரித் தோலை மெதுவாகத் தூக்கி விட்டால் உடனே பழையபடி படிய வேண்டும். கூடாரம் போல நின்றாலோ, சாப்பிட மறுத்துச் சுருண்டு படுத்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். புதுச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி நிறுவனத்தின் மருத்துவமனையும் இருக்கிறது. புழுமருந்தை எடைக்கு ஏற்றபடி மருத்துவரே கொடுக்கட்டும். வயிறு சரியான பிறகு முத்தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டு, 16 வார வயது வரை மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தொடர்வார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் ஆனதும். அதற்குள் குட்டி கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கீறல்தானே என்று விட வேண்டாம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்தபோது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நாய்களுக்கான உண்ணி மருந்தை அட்டையைப் படிக்காமலே தடவினேன். இரண்டு மணி நேரத்தில் காது துடித்தது, பிறகு உடல் முழுவதும் நடுங்கியது. அதிலிருந்த பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு என்பது மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இரவு முழுவதும் சிகிச்சை அளித்துக் காப்பாற்றினார்கள். உங்கள் குட்டிக்கு இப்போதைக்குச் சீப்பு ஒன்றே போதும்.

கழிப்பிடத்துக்கு அகலமான பிளாஸ்டிக் தட்டில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலைப் போட்டு வையுங்கள், தானாகவே பழகிவிடும்.

அரியாங்குப்பத்தார்:
மணலைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். கடற்கரை மணலில் தெருநாய்களின் கழிவு கலந்திருக்கும். கொக்கிப்புழு அங்கிருந்தே வரலாம். கடையில் விற்கும் பூனை மணலோ, கட்டுமான மணலைச் சலித்து நன்றாக வெயிலில் காயவைத்ததோ நல்லது. குட்டி ஏறும்படி தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: பினாயில். நாம் வீடு துடைக்கும் பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது; ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பாரசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் காரணம் அதே கல்லீரல்தான். காய்ச்சல் போலத் தெரிகிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

முதுநகர்வாசி:
மூவருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டியதில் புழுவும் இருந்தது, மருந்து கொடுத்தார். பாலை நிறுத்தி ஐந்து நாளாகிறது, மலம் கட்டியாகப் போகிறது, இன்று காலை எடை 590 கிராம். பினாயில் வாளி மாடிக்குப் போய்விட்டது. பால் கிண்ணத்தில் இப்போது கோழிக்கறி மசித்துப் போடுகிறார் மாமியார். அதற்குப் பூண்டு தட்டிப் போட்டால் வாயு பிடிக்காதே என்று நேற்றுக் கேட்டார், லாஸ்பேட்டைக்காரர் எழுதியதைப் படித்துக் காட்டினேன்.