வயலில் கிடைத்த செப்புக் காசு: அடையாளம் காண உதவி தேவை

சேரன்மகாதேவி அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள எங்கள் வயலில், பிசானப் பருவ நெல் அறுவடைக்குப் பின் உழுதபோது கழன்று விழுந்த டிராக்டர் கொழுவைத் தேட, சென்ற மாதம் ஒரு மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கினோம். கொழு கிடைக்கவில்லை, ஒரு சாண் ஆழத்தில் பச்சைக் களிம்பேறிய மூன்று வட்டுகள் கிடைத்தன. நகைப் பட்டறையில் செம்பு என்றார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை கிராம்.

ஒன்றைப் புளித் தண்ணீரில் ஊறவைத்தது என் தவறு. களிம்போடு உருவமும் போயிற்று. மற்ற இரண்டையும் தொடவில்லை. அவற்றில் ஒன்றின் ஒருபுறம் நிமிர்ந்த இரு மீன்களும் நடுவே செண்டு (முனை வளைந்த கோல்) போன்ற கோடும், மறுபுறம் தலை தேய்ந்த நிற்கும் மனித உருவமும் தெரிகின்றன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுதிவிட்டேன்.

இக்காசு பிற்காலப் பாண்டியருடையதுதானா?