சுங்கை சிப்புட் கல்லூரிக் கட்டடத்துக்கு நிலத்தடிக் குளிரூட்டல் எடுபடுமா?

தோட்டத்துப்பிள்ளை:
மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மூன்று மாடி தனியார் கல்லூரி, வளாகத்திலேயே 200 பேர் ஹாஸ்டல். ஏர்கோன் தேவை 100 டன். சூட்டைக் காற்றில் விடும் பழைய ஏர்-கூல்ட் சில்லரை, அதாவது குளிர்விக்கும் மெஷினைக் கழற்றிவிட்டு, சூட்டை மண்ணில் விட மண்ணுக்குள் தண்ணீர்க் குழாய் இறக்கினால் கரண்டு பில் பாதியாகும் என்கிறார் சப்ளையர். அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை உதாரணம் காட்டுகிறார். பின்னால் ஒன்றரை ஏக்கர் காலி நிலம் உண்டு. நம்பி இறங்கலாமா?

குளிர்நீர்:
பால் ஸ்டேட் இருப்பது இண்டியானாவில். சுமார் 3,600 துளை போட்டு நிலக்கரி பாய்லர்களை நிறுத்தினார்கள். கோடையில் மண்ணில் இறக்கிய சூட்டைக் குளிர்காலத்தில் எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கிக்கொள்கிறார்கள், மண்ணும் தேறிக்கொள்கிறது. நமக்கு ஏது குளிர்காலம்? வருஷம் முழுக்கப் போடுவது மட்டும்தான், எடுப்பது கிடையாது.

கணக்கைப் பாருங்கள். 100 டன் என்றால் 352 கிலோவாட். கம்ப்ரசர் சூடும் சேர்ந்து மண்ணுக்குப் போவது ஏறக்குறைய 430 கிலோவாட். துளையின் ஒவ்வொரு மீட்டரும் 40 வாட் சூட்டை மண்ணுக்குக் கடத்தும் என்று தாராளமாக வைத்தாலும் 10,750 மீட்டர் குழித்துளை, அதாவது 100 மீட்டர் ஆழத்தில் 108 துளை. 6 மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஏக்கர் போய்விடும். இடம் இருக்கிறது, சரி. ஆனால் நம் மண்ணே 28 டிகிரிக்கு முன்பின் இருக்கும். அதற்குள் சூடு இறங்க வேண்டுமானால் குழாய் நீர் 35, 36 டிகிரியில் ஓடியாக வேண்டும். தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியேற்றும் சாதாரண கூலிங் டவர் 30 டிகிரியில் தண்ணீர் தருகிறதே, தண்ணீர் குளிராக இருந்தால்தானே சில்லருக்குக் கரண்டு குறையும்! 'பாதி பில்' என்பது தேய்ந்துபோன உங்கள் பழைய மெஷினோடு ஒப்பிட்டுச் சொன்ன பேச்சு. டவரோடு ஓடும் புது வாட்டர்-கூல்ட் சில்லரோடு ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

துளைக்கூலி:
சுங்கை சிப்புட் என்பதால் இன்னொன்று. அந்தப் பக்கம் சுண்ணாம்புப் பாறை. பாறைக்குள் பொந்து இருந்தால் குழாயைச் சுற்றி துளையை அடைக்கும் பென்டோனைட் களிமண் கலவை எவ்வளவு ஊற்றினாலும் காணாமல் போகும். குழாயைச் சுற்றி வெற்றிடம் நின்றால் சூடு கடத்தாது, மேல்மட்ட அழுக்குத் தண்ணீரும் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். யார் செய்தாலும் முதலில் ஒரே ஒரு சோதனைத் துளை போட்டு, 48 மணி நேரத்துக்குக் குறையாமல் மண் எவ்வளவு சூடு கடத்தும் என்று பார்க்கும் வெப்பச் சோதனை நடத்த வேண்டும். கலவையை மேலிருந்து கொட்டக் கூடாது, அடியிலிருந்து பம்ப் பண்ணி ஏற்ற வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் ஜாயின்ட் எல்லாம் சூட்டில் உருக்கி ஒட்டியதாக இருக்கட்டும், ஸ்க்ரூ வேண்டாம். துளைக்கு முன்பே கனிமவள புவி அறிவியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

தோட்டத்துப்பிள்ளை:
நன்றி அண்ணே. ஹாஸ்டல் வெந்நீருக்கு அந்தச் சூட்டைத் திருப்பினால் மண்ணுக்குப் பாரம் குறையாதா? பக்கத்தில் பழைய ஈயச்சுரங்கக் குட்டையும் இருக்கிறது, சூட்டை அதில் இறக்கலாமா?

குளிர்நீர்:
குறையும், கொஞ்சம்தான். ஆளுக்கு 40 லிட்டர், 27-லிருந்து 50 டிகிரி என்றால் நாளுக்கு 214 கிலோவாட்-மணி. எட்டு மணி நேரம் சராசரி 60 சதவீத சுமையில் ஓடினாலே 2,000 கிலோவாட்-மணிக்கு மேல் சூடு வெளியேறும். பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் விடாதீர்கள்: வெளியேறும் சூட்டால் வெந்நீர் போடும் வெப்பமீட்பு காயிலைப் புது சில்லரில் வைத்து வாங்கினால் ஹாஸ்டலின் மின் ஹீட்டர்களை நிறுத்தலாம், துளையே தேவையில்லை.

குட்டை ஆழமில்லை என்றால் மத்தியானத்தில் 31, 32 டிகிரி போகும். பாசியும் சேறும் குழாயை மூடும்.

மண்குழாய்க்கு நியாயம் ஒன்று உண்டு. டவர் ஒரு கிலோவாட்-மணி சூட்டுக்குச் சுமார் 1.5 லிட்டர் ஆவியாக்கும், அந்தக் கணக்கில் நாளுக்கு 3,000 லிட்டர். தண்ணீர் தட்டுப்பாடு இருந்தால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் டவரோடு சேர்த்துப் பாதி சுமைக்கு.

துளைக்கூலி:
சப்ளையரிடம் பம்ப் கரண்டையும் கேளுங்கள். 108 துளைக்குத் தண்ணீர் சுற்ற அதுவே ஒரு பில் வரும்.