செயின்ட் கில்டா ரயிலை டிராமாக மாற்றியது சரிதானா?

பாதைப்பித்தன்:
போன வாரம் வேறொரு பேச்சில் ஒருவர், ரயில் பாதையில் டிராம் விடுவது ஊரைப் பின்னுக்கு இழுப்பது என்று சொல்லி, மெல்போர்னின் செயின்ட் கில்டா பாதையை உதாரணம் காட்டியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை.

1857 மே மாதம் திறந்த பாதை அது. விக்டோரியா மாநிலப் போக்குவரத்தை ஆராய்ந்து 1980இல் வந்த லோனி அறிக்கை, இழுத்து மூட வேண்டிய புறநகர்ப் பாதைகளின் பட்டியலில் இதையும் போர்ட் மெல்போர்ன் பாதையையும் சேர்த்திருந்தது. மூடியிருந்தால் அந்த நிலத்தில் இந்நேரம் அடுக்குமாடி வீடுகள் எழுந்திருக்கும். அப்போது மாநிலத்தை ஆண்ட கெய்ன் அரசு அப்படிச் செய்யாமல் டிராம் விட்டது. 1987 ஜூலை 31 அன்று ரயில் நின்றது. நவம்பர் 20 அன்று 96ஆம் எண் டிராம் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட நாலு மாதத்துக்குள் 1600 மி.மீ. அகலப் பாதையை 1435க்கு மாற்றி, மின்சாரத்தை 1500 வோல்ட்டிலிருந்து 600க்கு இறக்கி, எல்லாம் முடித்துவிட்டார்கள். சவுத் மெல்போர்ன், ஆல்பர்ட் பார்க், மிடில் பார்க் மூன்றும் ரயில் நிலையமாக இருந்தவை, இன்று டிராம் நிறுத்தங்கள். சாவதற்கு இருந்த பாதை பிழைத்தது என்றுதான் நான் சொல்வேன்.

தென்றல்:
யாருக்குப் பிழைத்தது என்றும் கேட்க வேண்டும், அண்ணா.

என் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். ரயில் நடைமேடை என்றால் பெட்டியின் தரைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். ஒரு பலகை போட்டால் ஏற்றிவிடலாம். 1987இல் வந்த டிராம்களோ படி ஏறிப் போக வேண்டியவை. அந்தப் பாதைக்கென்றே வந்த பி (B) வகை டிராமை நினைத்துப் பாருங்கள்: கதவு திறந்ததும் எதிரே செங்குத்தாகப் படிகள், நடுவில் ஒரு கைப்பிடிக் கம்பி. சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. குழந்தை வண்டியோடு வருகிறவர் கீழே நின்று, யாராவது முன்சக்கரத்தைத் தூக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

படியில்லாமல் ஏறக்கூடிய தாழ்தள டிராம் 96இல் ஓடத் தொடங்கியது 2008இல்தான். அதுவும் பிரான்சின் முலூஸ் நகரத்திலிருந்து வாடகைக்கு எடுத்த ஐந்தே ஐந்து வண்டிகள், ஊரார் 'பம்பிள்பீ' என்று சொல்லும் அந்த மஞ்சள் டிராம்கள். அடுத்த தாழ்தள வகையான ஈ (E) வகை டிராம் வந்தது 2013 நவம்பரில். அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

பழைய பயணி:
தங்கச்சி சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில் நேராக ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்துக்குப் போனது. இறங்கி, அடுத்த மேடைக்கு நடந்து, டாண்டினாங்கோ ஃபிராங்ஸ்டனோ போகிற வண்டியைப் பிடிக்கலாம். டிராம் வந்ததும் அந்தத் தொடர்பு அறுந்தது. யாரா ஆற்றின் மேல் இருந்த சான்ட்ரிட்ஜ் பாலம் சும்மா கிடந்து, 2006இல் நடைபாலமாகத் திறந்தது. ஸ்டேஷன் பியரில் கப்பலை விட்டு இறங்கிய குடியேறிகள் ரயிலேறி நகரத்துக்கு வந்த பாலம் அது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

பாதைப்பித்தன்:
ஐயா, ஃபிளிண்டர்ஸ் தெரு தொடர்பு போனது உண்மைதான். ஆனால் ஸ்பென்சர் தெரு நிலையத்தின் வாசலில், இப்போது சதர்ன் கிராஸ் என்கிறோமே, அங்கேயே 96 நிற்கிறது. அப்புறம் பர்க் தெரு முழுக்கப் போய், நிக்கல்சன் தெரு வழியாக கிழக்கு பிரன்ஸ்விக் வரை ஒரே வண்டி. செயின்ட் கில்டா பக்கம் ரயில் ஃபிட்ஸ்ராய் தெருவோடு நின்றுவிடும். கடற்கரைக்கு நடக்க வேண்டும். டிராம் ஆக்லண்ட் தெரு வரை கொண்டுபோய் விடுகிறது. ரயில் ஒரு நிலையத்தை இன்னொரு நிலையத்தோடு இணைத்தது. டிராம் வீட்டுத் தெருவைக் கடைத் தெருவோடு இணைத்தது. 1996 முதல் ஆல்பர்ட் பார்க்கில் நடக்கும் கார் பந்தயத்துக்குக் கூட்டத்தை ஏற்றி இறக்குவதில் பெரிய பங்கு யாருக்கு? இதே 96க்குத்தான்.

தென்றல், படி வைத்த வண்டி வந்தது வண்டி வாங்கியவர்களின் குறை. பாதையை மாற்றியதே குறை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தென்றல்:
இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. பாதையோடு சேர்த்துத்தான் வண்டியையும் மேடையையும் தீர்மானிப்பார்கள்.

மான்செஸ்டரைப் பாருங்கள். 1992இல் பரி, ஆல்ட்ரிங்கம் ரயில் பாதைகளை டிராமாக மாற்றினார்கள். பழைய நிலையங்களின் உயர்ந்த மேடைகளை இடிக்காமல் வைத்துக்கொண்டு, அந்த உயரத்துக்கு டிராமைச் செய்தார்கள். நகரத் தெருவிலும் அதே உயரத்தில் மேடை கட்டினார்கள். முதல் நாளிலிருந்தே சக்கர நாற்காலி உள்ளே போனது. ஐந்து வருட வித்தியாசம்தான். மனம் இருந்தால் இங்கேயும் நடந்திருக்கும்.

பாதைப்பித்தன்:
மான்செஸ்டருக்குத் தெருவில் அப்போது டிராமே கிடையாது, எல்லாம் புதிது. இங்கே பர்க் தெருவில் ஏற்கெனவே டிராம் ஓடிக்கொண்டிருந்தது. பயணிகள் நடுத்தெருவில் நின்று ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே 90 செ.மீ. உயரத்தில் மேடை கட்டினால், அதே தண்டவாளத்தில் வரும் மற்றத் தடங்களின் வண்டிகள் என்ன செய்யும்? 1987இல் இருந்தது இரண்டே வழி: படி வைத்த டிராம், இல்லையென்றால் பாதையே இல்லை.

கென்சிங்டன்வாசி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இரண்டே வழி என்பதை ஏற்க முடியவில்லை. லோனி பட்டியலில் ஆல்டோனா பாதையும் இருந்தது. இன்றும் அங்கே ரயில்தான் ஓடுகிறது. மூடச் சொன்ன அறிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்தாலே போதும் என்பதற்கு அதுவே சாட்சி.

மற்றபடி, ஃபிட்ஸ்ராய் தெருவில் பழைய நிலையக் கட்டடம் இன்னும் நிற்பதில் எனக்கு மகிழ்ச்சி. பயன்பாட்டில் உள்ள பாதையின் ஓரத்தில் இருப்பதால்தான் அதற்கு மதிப்பு என்று பாதைப்பித்தன் சொன்னால் மறுக்க மாட்டேன்.

பழைய பயணி:
ஆல்டோனாவுக்குத் தெருவில் வேறு டிராம் கிடையாது, தம்பி. செயின்ட் கில்டாவுக்கு 1987க்கு முன்பே செயின்ட் கில்டா சாலை வழியாக டிராம் இருந்தது. அதனால்தான் இந்த ரயிலில் கை வைக்கத் துணிந்தார்கள். நான் ரயில் பக்கம்தான். ஆனாலும் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

தென்றல்:
சரி, 1987இல் வேறு வழி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 1987க்கும் 2008க்கும் நடுவே இருந்த 21 வருடத்துக்கு என்ன பதில்? எல்லா டிராம் நிறுத்தமும் 2022 முடிவதற்குள் சமதளமாகிவிட வேண்டும், அதாவது மேடை டிராமின் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே கெடு இருந்தது. 2020இல் விக்டோரியாவின் தணிக்கைத் தலைவர் கொடுத்த அறிக்கையில், சமதள நிறுத்தத்தில் தாழ்தள டிராம் நின்ற சேவைகள் 2018–19இல் வெறும் 15 விழுக்காடுதான். 96இல் இன்று அம்மாவை நானே தனியாக ஏற்றிவிடுகிறேன், அது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் நகரத்துக்குள் போய் வேறொரு தடத்துக்கு மாற வேண்டும் என்றால், அங்கே மறுபடியும் நடுத்தெருவும் படியும்தான். ரயில் பாதையை நாலு மாதத்தில் மாற்றத் தெரிந்த ஊருக்கு, ஒரு நிறுத்தத்தின் மேடையை உயர்த்த இத்தனை வருடம் ஏன் ஆகிறது என்று பாதைப்பித்தன் அண்ணா சொல்லட்டும்.